கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்ததா?



மழைக்கு முன்னால் ஒரு மாலை நேரம். ஒரு தோட்டத்து லயத்து வாசலில், மருந்தடிக்கும் ஆறு பேரோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு புல்லு மருந்துப் போத்தல். "இதில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் பார்ப்போம்" என்று கேட்டோம். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே, "சேர், மருந்தடிக்க எழுத்து எதுக்கு? கை பழகினா போதும்" என்றார்.

ஏழாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகள் பக்கத்தில் நின்றாள். போத்தலை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மருந்தடித்து முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும், உடுத்த உடுப்பை வேறாகக் கழுவ வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"அடிச்ச பிறகும் செய்ய வேலை இருக்கா? பதினாறு வருசமா அடிக்கிறேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே."

அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த உடுப்பைப் பதினாறு வருடமாகப் பீலிக்கரையில் துவைத்தவர் அவர்தான். பிள்ளையின் வெள்ளைச் சீருடையும் அதே வாளியில்தான் நனைந்தது.

இதைக் கேட்டால் தோட்ட நிர்வாகம் என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியும். "பயிற்சி கொடுத்திருக்கிறோம், அவருடைய கையெழுத்தே இருக்கிறது" என்று பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டும். கையெழுத்து இருப்பது உண்மைதான். அது எப்படி வாங்கப்பட்டது என்பதை மலைக்குப் போகும் எல்லோரும் அறிவார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் போட்டதும் மருந்தடிக்கிறவர்களை ஒரு பக்கம் கூப்பிடுவார்கள். "மாஸ்க் போடுங்க, கையுறை போடுங்க, காத்துக்கு எதிரே அடிக்காதீங்க" என்று கால்மணி நேரம் பேச்சு. புத்தகத்தில் ஒரு கையெழுத்து. ஒரு போட்டோ. அதோடு டாங்கி முதுகில் ஏறிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் கம்பனியின் பைலுக்கு மட்டும் நன்றாக உதவுகிறது.

இதைப் பயிற்சி என்று நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

டாங்கிக்குள்ளே என்ன இருக்கிறது?

"அனுபவம் உள்ளவர்களுக்கு எதற்குத் திரும்பத் திரும்பப் படிப்பு?" என்று கேட்கிறார்கள். பதில் கடந்த பத்து வருடக் கதையிலேயே இருக்கிறது.

2015இல் அரசாங்கம் கிளைபோசேட் மருந்தைத் தடை செய்தது. மலையில் புல் நிற்கவில்லை. வேறு மருந்துகள் வந்தன. எம்.சி.பி.ஏ. என்ற மருந்தும் அதில் ஒன்று. 2018இல் ஜப்பானுக்குப் போன நம் தேயிலையில் அந்த எம்.சி.பி.ஏ. எச்சம் இருக்கிறது என்று பெரிய பிரச்சினை எழுந்தது. அதே வருடம் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டைத் திரும்ப அனுமதித்தார்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் ஒரேயடியாக இறக்குமதித் தடை போட்டார்கள். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். 2022இல் கிளைபோசேட் மறுபடியும் வந்தது.

ஏழு வருடத்துக்குள் இத்தனை மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் டாங்கிக்குள் இருப்பது மாறியது. கலக்கும் அளவு மாறியது, உடம்பில் பட்டால் வரும் கேடு மாறியது, மருந்தடித்த மலைக்குள் எத்தனை நாள் கழித்து ஆள் போகலாம் என்ற கணக்கும் மாறியது. இந்த மாற்றங்களை அமைச்சர் அறிந்தார், கம்பனி அறிந்தது, மருந்து விற்றவர் அறிந்தார். முதுகில் டாங்கி சுமந்தவருக்கு மட்டும் ஒருவரும் வந்து சொல்லவில்லை. பதினாறு வருட அனுபவம் பழைய மருந்தின் அனுபவம். புதிய மருந்துக்கு அவர் முதல் நாள் வேலைக்காரர்தான். ஒரு தடவை சொல்லிவிட்டு விடுவது போதாது, வருடா வருடம் படிப்பிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

தேயிலைக்கு இருக்கும் அக்கறை

ஜப்பானில் தனியாக அளவு நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்குப் பொதுவான எல்லை ஒன்று உண்டு. அது 0.01 பிபிஎம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் கிலோ தேயிலைக்குள் ஒரு கிராம் மருந்து. அதற்கு மேல் இருந்தால் தேயிலை திரும்பிப் போகும். ஜப்பானில் தேநீர் குடிப்பவரின் உடம்பைக் காப்பாற்ற அவ்வளவு நுட்பமான சோதனை. அது சரியானதே. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் கேள்வி இதுதான்: ஒரு லட்சம் கிலோவில் ஒரு கிராமைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த இந்தத் தொழிலுக்கு, ஒழுகும் டாங்கியால் முதுகு நனைந்து வீட்டுக்கு வரும் மனிதனின் இரத்தத்தை வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்கத் தெரியாதா?

தெரியும். எழுதியும் வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்கள் பலவற்றின் தேயிலைப் பெட்டியில் பச்சைத் தவளை முத்திரை இருக்கிறதே, அந்த ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் 2020இல் வெளியிட்ட விதிகளைப் பாருங்கள். மருந்து கையாளுகிறவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், பாதுகாப்பு உடுப்பு கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் மருந்தைத் தொடக்கூடாது. ஆபத்தான மருந்தைத் தொடர்ந்து கையாளுகிறவருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். நரம்பைத் தாக்கும் ஓகனோபொஸ்பேட், காபமேட் வகை மருந்தானால் இரத்தத்தில் கொலினெஸ்டரேஸ் சோதனையும் சேர வேண்டும். இந்த முத்திரையை ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு கம்பனியும் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டுதான் ஒட்டுகிறது. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டதைக் கேட்கிறோம்.

புல்தரைக்கு உரிமம், மலைக்கு ஒன்றுமில்லை

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே பூங்காவிலும், கோல்ஃப் மைதானத்திலும், பணக்காரர் வீட்டுப் புல்தரையிலும் தொழிலாக மருந்தடிக்கும் வேலையை நடத்துகிறவருக்கு உரிமம் வேண்டும். பரீட்சை எழுதி அதை எடுத்தாலும் அதோடு முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உரிமத்தைப் புதுப்பிக்க 20 மணித்தியாலம் படித்துக் காட்ட வேண்டும். அதில் 4 மணித்தியாலம் சட்டம் மட்டும். அந்த நாட்டுப் பொதுச் சட்டப்படி பண்ணைகளில் மருந்து கையாளும் சாதாரணத் தொழிலாளிக்கும் ஒவ்வொரு வருடமும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் கொண்டுவந்த பணிப்புரைப்படி, தொழிலாக மருந்தடிக்கிறவருக்குப் பயிற்சிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது.

விளையாட்டுக்காக வளர்க்கும் புல்லுக்கு மருந்தடிக்கிறவருக்கு இவ்வளவு படிப்பு. இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் தேயிலைக்கு மருந்தடிக்கிறவருக்கு ஒரு போட்டோ!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பீடைகொல்லிகள் பதிவாளர் இருக்கிறார். எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிப்பது அவர் அலுவலகம். கொடிய நஞ்சுகளைப் படிப்படியாக நீக்கி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியதும் அந்தச் சட்டம்தான். மருந்து விற்கும் கடைக்காரர் அனுமதி பெற்றுத்தான் விற்க வேண்டும். விற்பவருக்கு அனுமதி வேண்டும் என்றால், அதைச் சுமந்து, கலந்து, அடித்து, சுவாசிக்கிறவருக்குப் படிப்பு வேண்டாமா?

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். 1942இல் வந்த தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். ஸ்டோருக்குள் ஓடும் மெஷினுக்கு மறைப்புப் போட வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் ஸ்டோர் வாசலைத் தாண்டி மலையில் கால் வைத்தால் அந்தச் சட்டம் நம்மோடு வராது. நம்மில் பெரும்பாலானவர்கள் வேலை செய்வது மலையில். 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான வேலையிடத்தைத் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இலங்கை 1948இலிருந்து அதன் உறுப்பு நாடு. அந்த உரிமை ஸ்டோர் வாசலோடு நின்றுவிடும் என்று எந்த மகாநாட்டிலும் தீர்மானிக்கவில்லை.

துரைமாருக்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும் பயிற்சி கொடுக்க 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. எந்த மருந்தை எந்த அளவில் அடிக்கலாம் என்று அங்கிருந்துதான் சுற்றறிக்கை வருகிறது. அந்தச் சுற்றறிக்கை துரையின் மேசைக்கு வருகிறது, கண்டாக்கையாவின் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. லயத்துக்கு ஒருநாளும் வந்து சேரவில்லை.

தெரியாமல் போனதால் வந்த கேடு

இதெல்லாம் வெறும் கடதாசிப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2017இல் இந்தியாவில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒருவரும் குடித்துச் சாகவில்லை. வேலை செய்து செத்தார்கள்.

நம் மலையில் இருப்பது வேறு மருந்து, வேறு பயிர். ஆனால் தெரியாமை ஒன்றேதான். மருந்து மூக்கு வழியாகத்தான் போகிறது, மூக்கை மூடினால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மலையில் அடிக்கும்போது பெரும்பங்கு தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. கலக்கும்போது கையில் பட்டது, ஒழுகும் டாங்கியில் இருந்து முதுகிலும் இடுப்பிலும் இறங்கியது, ஈரப் புல்லில் நடந்து காலில் பட்டது, எல்லாம் உடம்புக்குள் போகும். மெல்லிய தோல் உள்ள இடங்கள் கையைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. நனைந்த துணி மருந்தை முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். நொசில் அடைத்தால் வாயால் ஊதுகிறோம். வெறும் கானைக் கழுவி வீட்டில் தண்ணீர் வைக்கிறோம். இதையெல்லாம் ஒரு முழு நாள் உட்கார வைத்து, செய்து காட்டி, கேள்வி கேட்க விட்டுச் சொல்லிக்கொடுத்தால் நம் ஆட்கள் செய்ய மாட்டார்களா? நம் ஆட்கள் முட்டாள்கள் இல்லை. கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும்.

ஒருவர் மருந்தடித்துவிட்டு வந்து தலை சுற்றி, வாந்தி எடுத்து, வியர்த்து, வாயில் எச்சில் ஊறினால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். மருந்தின் லேபலைக் கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரியாவிட்டால் டொக்டருக்கும் கஷ்டம். இந்த நாலு வரியைக்கூட இந்தப் பத்திரிகையில் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பதிவுப் புத்தகத்தில் இருக்கும் கையெழுத்துகளுக்கு என்ன மதிப்பு?

நம் பக்கத்துக் குறையும் உண்டு

கம்பனியை மட்டும் குற்றம் சொன்னால் அது பாதி உண்மை. சங்கத்துக்காரர்களான நாங்கள் பல வருடமாக மேசையில் பேசியது சம்பளம் ஒன்றைத்தான். 1000 ரூபாவுக்காக நடந்த போராட்டம் நியாயமானது. ஆனால் அந்தப் பேச்சுகளில் டாங்கியைப் பற்றிய பேச்சு எத்தனை தடவை வந்தது? விரல் விட்டு எண்ணலாம். 2021இல் சம்பள விடயம் சம்பளச் சபைக்குப் போய், கூட்டு ஒப்பந்தம் கைநழுவிய பிறகு, சம்பளம் அல்லாத விடயங்களைப் பேசும் மேசையே இல்லாமல் போய்விட்டது. அதை இழந்ததில் நமக்கும் பங்கு உண்டு.

நம் ஆட்களிடமும் ஒரு பயம் இருக்கிறது. "மருந்தடிக்கிறவனுக்கு வேளையோட வேலை முடியும். இதைக் கிளறாதீங்க. லைசன் வந்தா எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கு வேலை போயிடும்" என்று மூத்தவர் ஒருவர் எங்களிடம் சொன்னார். இந்தப் பயம் நியாயமானது. எத்தனையோ நல்ல பெயர் வைத்த திட்டங்கள் கடைசியில் தொழிலாளியை வெளியே தள்ளியதை அவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் என்பதை கம்பனி எழுதும் முன் நாம் எழுத வேண்டும். வாயால் சொல்லியும் கையால் செய்து காட்டியும் பாஸ் பண்ணக்கூடிய பரீட்சையாக இருக்க வேண்டும். தேசிய தொழில் தகைமை என்ற என்.வி.கியூ. முறையில், முன் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சான்றிதழ் கொடுக்க வழி இருக்கிறது. பதினாறு வருடம் அடித்தவர் முதலாம் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை.

கம்பனியின் வாதம் செலவு. தேயிலை விலை விழுந்துவிட்டது என்பார்கள். வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு ஒருவரைப் படிக்க விட்டால் கம்பனி கவிழ்ந்துவிடுமா? அளவு தெரியாமல் கலந்து ஒரு தொகுதித் தேயிலை துறைமுகத்தில் இருந்து திரும்பினால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது. இன்னொரு தந்திரமும் நடக்கிறது. மருந்தடிப்பைக் கொந்தரப்புக்கு விடுகிறார்கள். "அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை" என்று கைகழுவப் பார்க்கிறார்கள். மலை கம்பனியுடையது, மருந்து கம்பனியுடையது, தேயிலை கம்பனியுடையது. முதுகு மட்டும் யாருடையதோ!

நாங்கள் கேட்பது

1. மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும், கொந்தரப்புக்காரர் உட்பட, வருடத்தில் இரண்டு முழு நாள் பயிற்சி. முழுப் பேர் போட்டு, தமிழில், மருந்து மாறும்போதெல்லாம் மேலதிகமாக.

2. அரசாங்கம் அங்கீகரித்த சான்றிதழ். அது தோட்டத்தின் பெயரில் இல்லாமல் தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் நுவரெலியா ஹோட்டல் தோட்டங்களிலும், மரக்கறித் தோட்டங்களிலும், கொழும்பிலும், வெளிநாட்டிலும் இதே வேலையைச் செய்கிறார்கள். சான்றிதழ் அவர்களோடு போக வேண்டும். அதற்கு மேலதிகக் கொடுப்பனவும் வேண்டும்.

3. வருடா வருடம் வைத்தியப் பரிசோதனை. அறிக்கையின் பிரதி தொழிலாளியின் கையில்.

4. மருந்தடித்த மலையில் தமிழில் எழுதிய பலகை. கொழுந்தெடுக்கும் பெண்கள் எந்த நாள் மட்டும் உள்ளே போகக்கூடாது என்பது அதில் தெரிய வேண்டும்.

5. குளிக்கத் தண்ணீரும், உடுப்புக் கழுவ இடமும் மருந்து ஸ்டோருக்குப் பக்கத்திலேயே. விஷம் லயத்துக்கு வரக்கூடாது.

6. பயிற்சி இல்லாமலோ, ஒழுகும் டாங்கியோடோ அடிக்க மறுப்பவரின் பேரை வெட்டக்கூடாது.

இன்றிலிருந்து செய்யக்கூடியது

கோரிக்கை மேசைக்குப் போக நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வீட்டில் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று இருக்கும். மருந்தடிக்கும் ஒவ்வொரு நாளும் மாலையில் ஐந்து விடயத்தை எழுதுங்கள்: திகதி, மலை நம்பர், மருந்தின் பெயர், எத்தனை டாங்கி, உடம்புக்கு எப்படி இருந்தது. எழுத முடியாதவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். மருந்தின் பெயரைச் சொல்ல மறுத்தால் அதையும் எழுதுங்கள்.

1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலையால் வந்த கேடு என்று காட்டத்தான் நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை. கம்பனியிடம் நம் கையெழுத்து போட்ட புத்தகம் இருக்கிறது. நம்மிடமும் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

முதலில் சொன்ன அந்த ஆறு பேரும் இப்போது எழுதுகிறார்கள். அந்த ஏழாம் ஆண்டுப் பிள்ளை அப்பாவுக்கு எழுதிக்கொடுக்கிறாள். சீருடைக்கு வேறு வாளி வாங்கியாகிவிட்டது. போன கிழமை பெரட்டுக்களத்தில் பதிவுப் புத்தகத்தை நீட்டியபோது அப்பா கேட்டாராம்: "என்ன படிச்சேன்னு சொல்லுங்க ஐயா, அப்புறம் கையெழுத்து வைக்கிறேன்."

ஒவ்வொரு டிவிசனிலும் இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

பயிற்சி இல்லாமல் டாங்கி இல்லை!